மெல்லிசைக்குப் பின்னால்

பிரிக்பீல்ட்ஸ் கடைவீதியிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பழைய தமிழ்ப் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. பாடியவர் டி. எம். சௌந்தரராஜன் என்றோ பி. சுசீலா என்றோ பலர் உடனே சொல்லிவிடுவர். ஆனால், அக்குரலுக்குப் பின்னால் பியானோவும் வயலினும் புல்லாங்குழலும் இணைந்து ஒலிப்பதை எத்தனை பேர் கவனிக்கின்றனர்? அந்த இணைப்பையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் ‘மெல்லிசை மன்னர்’ எம். எஸ். விஸ்வநாதன்.

அவர் 1928ஆம் ஆண்டு பாலக்காட்டுக்கு அருகிலுள்ள எலப்புள்ளியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாத்தாவின் ஆதரவில் வளர்ந்தார். நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். பின்னர், ஜூபிடர் பட நிறுவனத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அங்கு எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசைக்குழுவை அருகிலிருந்து பார்த்துத் தொழில் கற்றார். அதன்பின், சி. ஆர். சுப்பராமனின் குழுவில் ஆர்மோனியம் வாசித்தார். வயலின் கலைஞர் டி. கே. ராமமூர்த்தியும் அக்குழுவில் இருந்தார். 1952இல் சுப்பராமன் திடீரென மறைந்தபோது, அவர் முடிக்காமல் விட்ட இசைப்பணியை இருவரும் சேர்ந்து நிறைவு செய்தனர். அதே ஆண்டில் வெளிவந்த ‘பணம்’ படத்தின் மூலம் இரட்டை இசையமைப்பாளர்களாக அறிமுகமாயினர்.

மெல்லிசை கேட்பதற்கு எளிமையானது, உருவாக்குவதற்கு எளிதன்று. இன்று ஒவ்வொரு கருவியின் ஒலியையும் தனித்தனியே பதிவு செய்து, பிழையை மட்டும் திருத்திக்கொள்ளலாம். அக்காலத்தில் பாடகரும் கருவியிசைக் கலைஞர்களும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் இசைக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1964இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தின் ஒரு பாடல் காட்சி, ஒலிப்பதிவுக் கூடத்தையே நம் கண்முன் நிறுத்துகிறது. அதில் விஸ்வநாதன் கையசைத்துத் தம் குழுவினரை வழிநடத்துவதைக் காணலாம்.

இராகத்தில் பிறந்த மெட்டுகளுக்குப் பாங்கோவின் தாளத்தையும் அக்கார்டியனின் இனிமையையும் அவ்விருவர் துணையாக்கினர். மேனாட்டுக் கருவிகள் தமிழ்ச் சொற்களை மூழ்கடிக்கவில்லை. அவற்றின் உணர்வை எடுத்துக்காட்டின. 1963இல் சென்னையில் அவர்களுக்கு ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டம் வழங்கப்பட்டது. 1965இல் இருவரும் பிரிந்தனர். விஸ்வநாதன் தனித்து இசையமைக்கத் தொடங்கினார். மனோன்மணீயம் சுந்தரனார் இயற்றிய தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டமைத்தவரும் அவரே. 1978இல் வெளிவந்த ‘வருவான் வடிவேலன்’ படத்தில், நம் நாட்டுப் பத்துமலை முருகனைப் போற்றும் பாடலும் அவர் இசையில் மலர்ந்தது.

புகழின் உச்சியிலும் அவர் தமக்கு வழிகாட்டிய சுப்பையா நாயுடுவை மறக்கவில்லை. அவருடைய முதுமையில் மகனைப் போல் துணை நின்றார். எடுபிடியாக நுழைந்த இடத்தில் கற்ற தொழிலுக்கு அவர் செலுத்திய நன்றி அது. 2015இல் விஸ்வநாதன் இவ்வுலகை விட்டு மறைந்தார்.

அவருடைய பாடல் ஒன்றை இருமுறை கேட்டுப் பாருங்கள். முதன்முறை குரலைப் பின்தொடருங்கள். மறுமுறை வயலினையோ தாளத்தையோ மட்டும் பின்தொடருங்கள். திரையில் பெயர் வராத பல கலைஞர்களின் உழைப்பு அப்பொழுது உங்கள் காதில் விழும். ஒருவரையொருவர் விஞ்ச முயலாமல், ஒருவருக்கொருவர் இடம் விட்டு அவர்கள் வாசித்ததால்தான் அந்த இசை மெல்லிசையாயிற்று.