ஆறப் பொறுத்தல்

பிள்ளைகளே, கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் என் தலை நரைத்தது. கணக்குத் தெரியாமல் தோற்ற மாணவர்களை அங்கே அரிதாகவே கண்டேன். காத்திருக்க மனமில்லாமல் தோற்றவர்களே அதிகம்.

கணக்கு எளியது. புட்டியில் வரும் அடர் கந்தக அமிலம் எடையில் 98 சதவீதம், அடர்த்தி 1.84. அப்படியென்றால் சுமார் 18.4 மோலார். ஒரு லிட்டர் 1 மோலார் கரைசலுக்கு அதில் 54 மி.லி.யும் சற்றுக் கூடவும் போதும். இதைப் பள்ளியிலேயே போட்டுவிடுகிறீர்கள்.

கைக்குத்தான் பாடம் வேண்டும். முதலில் பீக்கரில் தண்ணீர். அதில் அமிலத்தைக் கண்ணாடிக் குச்சியால் கலக்கியபடி சிறிது சிறிதாக விட வேண்டும். ஒரு மாணவர் அவசரத்தில் அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினார். லேசான தண்ணீர் கனத்த அமிலத்தின் மேலேயே நின்றது. கலக்கும்போது பிறந்த வெப்பம் முழுவதும் அந்தச் சிறிது நீரில் ஏற, காய்ந்த எண்ணெயில் நீர் பட்டதுபோல் சீறித் தெறித்தது. பாதுகாப்புக் கண்ணாடி கண்ணைக் காத்தது, சட்டை பொத்தலானது. விதியை அவர் அறியாதவர் அல்லர். அந்த வாரம்தான் ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதியிருந்தார். எழுதியது கைக்கு வந்து சேரவில்லை.

இன்னொருவர் முறை தவறாதவர். ஆனால் சூடான கரைசலையே அளவுக் குடுவையில் கோடு வரை நிரப்பி, மூடி, லேபிளும் ஒட்டிவிட்டார். ஆறியபின் திரவம் சுருங்கிக் கோட்டுக்குக் கீழே இறங்கியது. கரைசல் எண்ணியதைவிடச் செறிவாகிப்போனது. மறுநாள் தரம்பார்த்தலில் அளவுகள் ஒத்துவராதபோது காரத்தைச் சந்தேகித்தார், நிறங்காட்டியைச் சந்தேகித்தார், பியூரெட்டையும் விடவில்லை. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுத்திருந்தால் அந்த நாள் மிஞ்சியிருக்கும்.

மெச்சத்தக்க ஒரு மாணவியும் இருந்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அடிக்கடி திறக்கும் புட்டியிலிருந்து ஆவியாகிக் கழியும். மேலே அச்சிட்ட செறிவை அப்படியே நம்பக் கூடாது. அவர் 0.1 மோலாருக்கென நீர்க்கச் செய்தபின், நீரற்ற சோடியம் கார்பனேட்டை எடைபோட்டுக் கரைத்து, மெத்தில் ஆரஞ்சு விட்டு, அளவுகள் ஒத்துவரும்வரை சோதித்தார். வந்தது 0.097.

"இன்னும் துளி அமிலம் விட்டால் 0.1 ஆகிவிடுமே" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"எவ்வளவு என்று தெரிந்தால் போதும், கணக்கில் அதைப் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லி, லேபிளில் 0.097 என்றே எழுதினார்.