கையும் கருவியும்

எங்கள் பாடாங் மேஹாவில் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் கார் வாங்கியோர்க்கு அதன் ஒவ்வோர் உறுப்பும் அருமையுடையது. பழைய மோரிஸ் மைனரின் விசிறியை இயந்திரத்தோடு ஓடும் வாரே சுழற்றியது. 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவிலோ மின்விசிறி. நீர் சூடேறியதும் வெப்பவிசை அதனை இயக்கும். அத்தகைய காரில் அவ்விசை பழுதுற்றால், கூலிம் நகர நெரிசலில் நிற்கையில் நீர் கொதிக்கும். இயந்திரத்தின் தலைப்பகுதி கோணும். சேமிப்பெல்லாம் பட்டறைக்குப் போகும்.

ஆகவே ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் தனி விசையொன்றைப் பொருத்துவதுண்டு. விசிறியின் பெருமின்னோட்டத்தை அச்சிறு விசையின் வழியே செலுத்தலாகாது. அது தாங்காது தீயும். விசை ரிலேயை ஏவ, ரிலே விசிறியை இயக்கவேண்டும். பியூசும் காவல் நிற்கவேண்டும். வெப்பவிசையை நீக்காமல், அதற்குப் பக்க இணைப்பிலேயே இதனை அமைத்தல் முறை. கருவி பழுதுறும், கை மறக்கும். ஒன்று தவறுமிடத்து மற்றொன்று காக்கட்டும் என்பதே என் துணிபு.