பெயர் கடைசியில் வரட்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

நம் பழைய மாணவர்கள் சேர்ந்து, கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுவதற்காக மாதாமாதம் பணம் போடுகிறீர்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் மாதக் கடைசியில் குழுவுக்கு வருகிறது. உண்மையைச் சொல்லுங்கள், போன ஜூலைப் பட்டியலை எத்தனை பேர் கடைசி வரி வரை படித்தீர்கள்?

ஒருத்தி படித்தாள். மாடக்குளம் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். மாதம் 500 ரூபாய் போடுகிறாள். ஜூனில் மட்டும் கை முடையாகிப் போடவில்லை. பட்டியல் வந்த மறுநாள் காலையில் போன் செய்தாள். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ஜூலைக்கு நான் ஐநூறு குடுத்தேன்ல, அது கணக்குல ஏறலையா? ஜூன்ல குடுத்ததாப் போட்டிருக்கு, ஜூலை காலியா இருக்கு" என்றாள். குரலில் கோபம் இல்லை. கூச்சம்தான் இருந்தது. ஐநூறு ரூபாய்க்காகக் கேட்கிறாளே என்று யாரும் நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்.

வங்கிக் கணக்கைப் பார்த்தேன். ஜூலைப் பணம் வந்திருக்கிறது. நோட்டிலும் இருக்கிறது. மொத்தமும் ஒரு ரூபாய் பிசகவில்லை. கணக்கு சரி, கட்டம்தான் தப்பு.

அந்தப் பட்டியலைத் தயாரிப்பது பெங்களூரில் கணினி வேலையில் இருக்கும் நம் தம்பி ஒருவன். வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து செய்கிறான். ஷெல் ஸ்கிரிப்ட் என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறான். கணினிக்கு வரிசையாகக் கொடுக்கும் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைப்பதுதான் அது. வங்கியிலிருந்து வரும் வரிகளைப் படித்து, ஆள்வாரியாகக் கூட்டி, பட்டியலாகத் தந்துவிடும். அவனைப் போனில் பிடித்தேன். "டேய் தம்பி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. எனக்கு அதைக் காட்டு" என்றேன். "டீச்சர், நீங்க எதுக்கு இதையெல்லாம் பாத்துக்கிட்டு..." என்று இழுத்தான். வந்துவிட்டான். என் தம்பி மகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் லினக்ஸும் இருந்தது. அதிலேயே உட்கார்ந்தோம்.

அவன் எண்களையும் பெயர்களையும் அடுக்குவதற்கு ஒரு கட்டளை வைத்திருந்தான். அதன் பெயர் 'காலம்'. நேரம் இல்லை, பத்தி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். 1990-இல் பிஎஸ்டி யூனிக்ஸில் வந்ததாம். அது என்ன செய்கிறது என்று அவன் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டைப்ரைட்டிங் வகுப்பில் நாங்கள் செய்ததையேதான் அது செய்கிறது!

ஆசிரியர் பயிற்சியில் சேர்வதற்கு முன்னால் லோயரும் ஹையரும் முடித்தவள் நான். எங்கள் காலத்தில் பெண் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருந்தால் முதலில் அனுப்பும் இடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அந்தத் தேர்வின் இரண்டாம் தாளில் 'ஸ்டேட்மென்ட்' என்று ஒரு கேள்வி வரும். கசாமுசாவென்று கொடுத்த விவரத்தைப் பத்தி பத்தியாக, தாளின் நடுவில் வரும்படி அடிக்க வேண்டும்.

எப்படி அடிப்போம்? எடுத்த எடுப்பில் தட்டத் தொடங்க மாட்டோம். முதலில் முழுவதையும் ஒருமுறை படிப்போம். ஒவ்வொரு பத்தியிலும் எது நீளமானதோ அதன் எழுத்தை எண்ணுவோம். வரிசை எண்ணுக்கு 4, பெயருக்கு 18, தொகைக்கு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 30. இடையில் இரண்டு இடைவெளி, ஒவ்வொன்றும் 5. ஆக 40. அங்குலத்துக்குப் பத்து எழுத்து அடிக்கும் மெஷினில் ஏ4 தாளின் குறுக்கே சுமார் 82 எழுத்து பிடிக்கும். 82-இல் 40 போக 42. அதில் பாதி 21. முதல் பத்தி 21-இல் தொடங்கும், அடுத்தது 30-இல், அதற்கடுத்தது 53-இல். அந்த இடங்களில் டேப் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் விரல் ஓடும்.

'காலம்' கட்டளையும் இப்படித்தான். எல்லா வரிகளையும் கடைசி வரை படித்துவிட்டு, ஒவ்வொரு பத்தியிலும் நீளமானது எது என்று பார்த்து, அதன் பிறகே அச்சிடுகிறது.

பிறகு ஏன் இட்லிக் கடைக்காரியின் ஐநூறு இடம் மாறியது? பத்தி எங்கே முடிகிறது என்பதற்கு அந்தத் தம்பி எந்த அடையாளமும் கொடுக்கவில்லை. வெறும் இடைவெளிதான் விட்டிருந்தான். அந்தக் கட்டளைக்கு ஒரு இடைவெளியும் ஒன்றுதான், பத்து இடைவெளியும் ஒன்றுதான். ஜூன் காலியாக இருந்ததும் அதை விழுங்கிவிட்டு, ஜூலைப் பணத்தை இழுத்து ஜூனில் உட்கார வைத்துவிட்டது. இனிஷியலுக்குப் பின் இடம் விட்டு எழுதியவர்களுக்கு இதற்கு நேர்மாறு. 'ச.' தனிப் பத்தியாகி, தொகையெல்லாம் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளிப்போனது. வருகைப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று பயிற்சிப் பள்ளியில் ஏன் அடித்துச் சொன்னார்கள் என்பதை இதைவிட நன்றாக விளக்க முடியாது.

மருந்து எளிது. பத்திகளுக்கு இடையில் ஒரு நெட்டைக் கோட்டைப் போட்டு, அதுதான் பிரிப்பு என்று கட்டளைக்குச் சொல்லிவிட வேண்டும். பணம் வராத மாதத்தில் ஒரு சிறு கோடு இழுத்துவிட வேண்டும். கால் மணி நேர வேலை.

அடுத்த சிக்கல் நம் தமிழால் வந்தது. 'பிரிண்ட்எஃப்' என்று இன்னொரு கட்டளை. பெயருக்கு 30 இடம் ஒதுக்கு, மிச்சத்தை வெற்றிடமாக நிரப்பு என்று சொல்லலாம். ஆங்கிலப் பெயருக்கு அழகாக நிற்கிறது. தமிழ்ப் பெயரைக் கொடுத்தால் தொகைகள் ஏறி இறங்கி நிற்கின்றன.

ஏனென்றால் அது எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. மீனாட்சி என்று எழுதுங்கள். நமக்கு மீ, னா, ட், சி என நான்கு எழுத்து. ஒருங்குறியில் ம, ன, ட, ச நான்கும் தனி, அவற்றின் கொம்பு, கால், புள்ளி, கொக்கி நான்கும் தனி. ஆக 8 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. மொத்தம் 24. முப்பதில் 24 போக ஆறு வெற்றிடம்தான் விடும். ராமு என்றால் 4 குறியீடு, 12 பைட்டு. அதற்கு 18 வெற்றிடம் விடும். பெயரில் வித்தியாசம் இரண்டெழுத்து, வெற்றிடத்தில் வித்தியாசம் பன்னிரண்டு. நீளப் பெயருக்குரிய தொகை உள்ளே ஓடிவர, குட்டைப் பெயருக்குரியது வெளியே தள்ளி நிற்கிறது.

'ஆக்' என்று ஒரு மொழி உண்டு. 1977-இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வெய்ன்பெர்கர், கெர்னிகன் என்ற மூவர் உருவாக்கியது, அவர்கள் பெயர்களின் முதலெழுத்தே அதன் பெயர். அதன் இன்றைய வடிவம் பைட்டை விட்டுக் குறியீட்டை எண்ணும். அதற்கு மீனாட்சி எட்டு. 'காலம்' இன்னும் கொஞ்சம் சூட்டிகை, புள்ளிக்குத் தனி இடம் வேண்டாம் என்று அதற்குத் தெரியும். நம் பழைய தமிழ்த் தட்டச்சுக்கும் அது தெரிந்திருந்தது. புள்ளியைத் தட்டினால் வண்டி நகராது, எழுத்தைத் தட்டினால்தான் நகரும். ஆனாலும் 'ர'வுக்கும் 'ண'வுக்கும் ஒரே அகலம் இல்லையே. திரையில் எந்த எழுத்துரு இருக்கிறதோ அதைப் பொறுத்து மறுபடியும் கோணும்.

தம்பி தலையைச் சொறிந்தான். "டீச்சர், பேரை எல்லாம் இங்கிலீஷ்ல போட்டுருவோமா?" என்றான். எனக்கு மனசு வரவில்லை. கொடுக்கிறவர்கள் பெயர் அவர்கள் வீட்டு அம்மாவும் பாட்டியும் படிக்கும்படி இருக்க வேண்டாமா?

"பேரைக் கடைசியில போடுப்பா" என்றேன். எண்களுக்கு அகலம் மாறாது, அவை முன்னால் நேராக நிற்கட்டும். பெயர் வரிக் கடைசியில் வந்தால் எவ்வளவு நீண்டாலும் அதற்குப் பின்னால் கோணுவதற்கு எதுவும் இல்லை. இப்படி:

01 | 1000 | 1000 | ராமு
02 |    - |  500 | மீனாட்சி

(பெயர்கள் உதாரணத்துக்குத்தான்.) தொகைகள் வலப்பக்கம் ஒட்டி நிற்கின்றன பாருங்கள். மூன்றாம் வகுப்பில் இடமதிப்பு சொல்லிக் கொடுத்தேனே, ஒன்றுக்குக் கீழே ஒன்று, பத்துக்குக் கீழே பத்து. இடப்பக்கம் ஒட்ட வைத்தால் 500-உம் 1000-உம் ஒரே வரிசையில் தொடங்கி, கண் ஏமாந்துவிடும்.

இன்னும் ஒன்று. கணினித் திரையில் நேராக நின்றது வாட்ஸ்அப்பில் கலைந்துவிடும். அங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வோர் அகலம். பட்டியலின் முன்னும் பின்னும் மும்மூன்று சாய்ந்த மேற்கோள் குறி போட்டு அனுப்பினால் எண்கள் சம அகலத்தில் வரும். ஐந்தாறு பத்திக்கு மேல் போனால் சின்ன போனில் வரி மடிந்துவிடும். அதனால் குழுவுக்கு இரண்டு மாதக் கணக்கு மட்டும் வரும். வருடம் முழுவதற்குமான பட்டியலை அதே ஸ்கிரிப்ட் வலைப்பக்க அட்டவணையாக எழுதித் தருகிறது. அதில் எழுத்தின் அகலத்தை உலாவியே அளந்துகொள்ளும், பெயரும் வழக்கம்போல முன்னால் வரும்.

ஆகஸ்ட் பட்டியல் இந்த முறையில்தான் வந்தது. அந்தத் தம்பிக்கு நம் எல்லார் சார்பிலும் நன்றி. திட்டாதீர்கள். ஒரு பைசா வாங்காமல் செய்கிறான்.

உங்களில் பலர் அலுவலகத்தில் தினமும் இப்படிப் பட்டியல் தயாரிக்கிறீர்கள். ரேஷன், பென்ஷன், மின்கட்டணம், மார்க் என்று எத்தனையோ. கூட்டல் சரியாக இருந்தால் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். உங்கள் பட்டியலில் ஒரே ஒரு வரியை மட்டும் தேடிப் படிக்கிறவர் எங்கோ இருப்பார். அவருக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கும். பலர் கேட்காமலே இருந்துவிடுவார்கள். அனுப்புவதற்கு முன்னால், காலியான கட்டம் உள்ள ஒரு வரியையும் மிக நீளமான பெயர் உள்ள ஒரு வரியையும் உங்கள் போனிலேயே விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். அந்த இரண்டும் சரியாக நின்றால் மற்றவை பெரும்பாலும் நிற்கும்.

நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
பழங்காநத்தம், மதுரை