ஏழாம் எண்ணின் நாட்குறிப்பு

மேனிலை இரண்டாம் ஆண்டு, கணினி அறிவியல் பிரிவு மாணவியர் மூவர்

"சிஸ்டர், ஏழாம் நம்பர் மறுபடியும் ஹேங்!"

2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தின் பிற்பாதியில் எம் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் அன்றாடம் ஒலித்த குரல் இது. ஆய்வகத்தில் உள்ள கணினிகள் 14. அவற்றுள் சன்னலோரம் வீற்றிருப்பது ஏழாம் எண். வேப்பமரத்துக் காற்று நேராக வந்து முகத்தில் படும் இடம் என்றால் அதற்குப் போட்டி எப்படி இருக்கும் என்று கேட்கவும் வேண்டுமா? பத்தாம் வகுப்பிலிருந்தே அதனை எங்கள் சொந்தச் சொத்தாகப் பாவித்து வந்தவர்கள் நாங்கள் நால்வர். மேலே 'மூவர்' என்றல்லவா போட்டிருக்கிறது என்று வியக்காதீர்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் இப்பக்கங்களைக் கேட்டு வாங்கினோம்.

ஆண்டு மலருக்கு வந்த படைப்புகளைக் கணினியில் தட்டச்சு செய்யும் பொறுப்பு எங்களுக்கு அளிக்கப்பட்டிருந்தது. மொத்தம் 31 படைப்புகள். அக்டோபர் நடுவில் 19 முடிந்திருந்தன. எல்லாம் ஏழாம் எண்ணிலேயே இருந்தன. வேறெங்கும் ஒரு நகல்கூட இல்லை. நகல் எடுத்து வைக்கவேண்டும் என்று பாடத்தில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவர்கள்தாம் நாங்கள்!

அக்டோபர் 14, திங்கட்கிழமை. எங்கள் நான்காம் தோழி, அறிவியல் கண்காட்சிப் படங்கள் கொண்ட பென்டிரைவைக் கொண்டுவந்து ஏழாம் எண்ணில் செருகினாள். முதல் நாள் மாலைதான் கடைத்தெருவில் உள்ள ஜெராக்ஸ் கடையில் அதைக் கொடுத்து இரண்டு படங்களை அச்செடுத்திருந்தாள். மறுநாள் காலை நாங்கள் கட்டுரை ஒன்றைத் தட்டிக்கொண்டிருக்கையில், திரையில் ஓடிய அம்புக்குறி நின்றது. மூலையில் இருந்த கடிகாரம் 11.20இலேயே நின்றது. விசைப்பலகையை என்ன தட்டியும் பயனில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மீண்டும் போட்டோம். அடுத்த நாள் இருமுறை இப்படி ஆயிற்று. அதற்கடுத்த நாள் எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

பென்டிரைவைத் திறந்து பார்த்தோம். அந்தோ! அதிலிருந்த ஒவ்வொரு கோப்புறையின் மூலையிலும் வளைந்த அம்பு ஒன்று முளைத்திருந்தது. உண்மைக் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரிலேயே போலிக் குறுக்குவழிகளை வைக்கும் வைரஸ் அது. போலியைச் சொடுக்கினால் வைரஸ் ஓடத் தொடங்கும். இதற்குமேல் எங்களுக்கு வேறென்ன சான்று வேண்டும்?

"உன் பென்டிரைவால்தான்டீ வந்துச்சு" என்றோம்.

"அதை நீங்களும்தானே போட்டுப் படம் பாத்தீங்க?" என்றாள் அவள்.

நாங்கள் பதில் சொல்லவில்லை. மறுநாள் அவள் பதினோராம் எண்ணுக்கு இடம் மாறினாள். மதிய உணவு வேளையில் அவளுடைய டிபன் பாக்ஸும் எங்கள் வட்டத்திலிருந்து போய்விட்டது. மூன்று வாரங்கள். அவள் வீட்டு மாங்காய்த் தொக்கும் அதனுடன் போயிற்று என்பதை இங்கே சொல்ல எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது நாங்கள் வைத்தியர்களாக மாறினோம். வைரஸின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். 1982இல் அமெரிக்காவில் ரிச் ஸ்க்ரென்டா என்னும் 15 வயது மாணவன், தன் நண்பர்களைச் சீண்டுவதற்காக 'எல்க் க்ளோனர்' என்னும் நிரலை எழுதினான். அது ஆப்பிள் கணினிகளின் நெகிழ்வட்டுகள் வழியே பரவி, 50ஆம் முறை கணினியைத் தொடங்கும்போது திரையில் ஒரு வேடிக்கைப் பாட்டைக் காட்டியதாம். எங்களைவிட இளையவன்! 1986இல் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய 'பிரெய்ன்' வைரஸுக்குள் அவர்களுடைய முகவரியும் தொலைபேசி எண்ணும்கூட இருந்தன. அன்றைய வைரஸ்களுக்கு நெகிழ்வட்டு வாகனம். எங்களுடையதற்கு ஜெராக்ஸ் கடை. கதை கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதே எங்கள் கண்ணை மறைத்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

வைரஸ் தடுப்பு மென்பொருளைப் புதுப்பித்து, முழுக் கணினியையும் சோதிக்கும்படி ஏவினோம். மணிக்கணக்காக ஓடி, பாதியில் உறைந்தது. மறுபடியும் ஏவினோம், மறுபடியும் உறைந்தது. மூன்றாம் முறை எப்படியோ முடிந்தது. பென்டிரைவில் இருந்த வைரஸ் அகப்பட்டது. கணினியிலோ ஒன்றுமே இல்லை என்று விடை வந்தது! நாங்கள் நம்பவில்லை. மிக இன்றியமையாத நிரல்களை மட்டும் கொண்டு இயங்கும் 'சேஃப் மோடு'க்குப் போய்ப் பார்த்தோம். அங்கும் உறைந்தது. 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பட்டியலைத் திறந்து பார்த்ததில் செயலிக்கு 4 விழுக்காடுதான் வேலை. ஹார்டு டிஸ்க்குக்கோ 100 விழுக்காடு. இத்தனை குறிப்புகள் கண்முன் இருந்தும், "வைரஸ் பெரிய கள்ளன், ஒளிந்துகொண்டிருக்கிறான்" என்றே முடிவு கட்டினோம்.

நவம்பர் முதல் வாரத்தில் எங்கள் கணினி ஆசிரியையான சகோதரி விடுப்பு முடிந்து திரும்பினார்கள். நாங்கள் மூவரும் மாறி மாறி முறையிட்டதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி பிள்ளைங்களா, காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சதுன்னு கேட்டீங்களா?" என்றார்கள்.

"பதினஞ்சாம் தேதி, சிஸ்டர்."

"நான் உங்களைக் கேக்கல. ஏழாம் நம்பரைக் கேட்டீங்களா?"

விண்டோஸ் கணினி ஒவ்வொன்றும் தன் துன்பங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வருகிறது. 'ஈவன்ட் வியூவர்' என்று அதற்குப் பெயர். சகோதரி அதைத் திறந்து, 'டிஸ்க்' என்னும் தலைப்பில் வந்தவற்றை மட்டும் பிரித்து எடுத்தார்கள். சிவப்புக் குறிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரே செய்தி: வட்டில் கெட்டுப்போன பகுதி உள்ளது. பட்டியலின் அடிக்கு இறக்கிக்கொண்டே போனார்கள். அக்டோபர் 15 வந்தது, நிற்கவில்லை. செப்டம்பர் வந்தது, நிற்கவில்லை. கடைசியில் இருந்த முதற் குறிப்பு 2024 ஆகஸ்ட் 20, பிற்பகல் 12.05.

அந்தப் பென்டிரைவோ அவளுடைய பிறந்தநாளுக்கு அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அவள் பிறந்தநாள் செப்டம்பரில். கேக் வெட்டியபோது மூவரும் அங்கேதான் இருந்தோம்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. ஆகஸ்டில்கூட ஏழாம் எண் ஓரிரு முறை ஒரு நிமிடம் நின்று பிறகு ஓடியது அப்போதுதான் எங்களில் ஒருத்திக்கு நினைவு வந்தது. 'கரண்ட் சரியில்லை' என்று அன்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

சகோதரி விளக்கினார்கள். ஹார்டு டிஸ்க்கினுள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்திற்கு 7,200 சுற்று சுழல்கின்றன. படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், மயிரிழையினும் மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. தட்டின் ஓரிடம் பழுதாகிவிட்டால் அங்குள்ள எழுத்தைப் படிக்க முனை மீண்டும் மீண்டும் முயல்கிறது. அது வரும்வரை மற்ற வேலைகள் வரிசையில் காத்து நிற்கின்றன. பேரேட்டில் கிழிந்த பக்கத்தைத் தேடிக்கொண்டு தலையே நிமிராத கணக்குப்பிள்ளையைப் போல. அதைத்தான் நாம் 'உறைந்துவிட்டது' என்கிறோம்.

"முதல் வேலையா என்ன செஞ்சிருக்கணும்?" என்று கேட்டார்கள்.

"நகல் எடுத்திருக்கணும், சிஸ்டர்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

முழுச் சோதனை என்றால் தட்டை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை படிப்பது. கால் ஒடிந்தவரை மைதானத்தை மூன்று சுற்று ஓடவிட்டிருக்கிறோம்! இடையிடையே பொத்தானை அழுத்திக் கொன்று கொன்று எழுப்பியது வேறு.

அன்று மாலையே கோப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். பெட்டிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று ஓர் ஓசை. 19இல் 16 வந்தன. மூன்று வரவில்லை. மறுநாள் வட்டு அறவே எழவில்லை. பழுதுபார்க்க வந்த அண்ணன் சுழலும் பாகங்களே இல்லாத 256 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்திவிட்டு, பழையதை எங்கள் கையில் கொடுத்தார். உள்ளங்கையளவு இரும்பு, நல்ல கனம்.

பதினோராம் எண்ணுக்கு நடந்துபோனதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. அவள் பைத்தான் நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் 20 என்று ஆரம்பித்தோம். அதற்குமேல் தொண்டை அடைத்தது. எங்களில் ஒருத்தி அழுதுவிட்டாள். யாரென்று சொல்லமாட்டோம்.

"சிஸ்டர் சொன்னாங்க" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சற்று நேரம் கழித்து, "எத்தன போச்சு?" என்றாள்.

"மூணு."

"கையெழுத்துப் பிரதி இருக்கா?"

இரண்டுக்கு இருந்தது. அன்று மாலை மணி அடிப்பதற்குள் அவ்விரண்டையும் அவளே தட்டி முடித்தாள். அவளுடைய பென்டிரைவைத் துடைத்துத் தூய்மை செய்ததும் கண்காட்சிப் படங்கள் அத்தனையும் மறைந்திருந்த இடத்தில் பத்திரமாகவே கிடைத்தன. இக்கட்டுரையில் அவள் பெயரையும் சேர்க்கலாம் என்றோம். "நான் எழுதினா என் பக்கத்து நியாயம் மாதிரி ஆயிரும். நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். தொக்கு திரும்பி வந்தது, இன்னும் முன்போல் முழுக் கிண்ணமாக அல்ல.

மூன்றாவது படைப்பு, ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் பாட்டி வீட்டு ஆட்டைப் பற்றி எழுதியது. தட்டியாயிற்றே என்று அதன் தாளைக் கசக்கி எறிந்தவர்கள் நாங்கள். நால்வரும் ஆறாம் வகுப்புக்குப் போய்த் தலைகுனிந்து நின்றோம். அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டு நாளில் மீண்டும் எழுதித் தந்தாள். இம்மலரில் அது வந்திருக்கிறது. மிக நன்றாக இருப்பதாகச் சொன்னோம்.

"போங்கக்கா, முதல்ல எழுதினதுதான் நல்லா இருந்துச்சு. அதுல ஆடு குட்டி போட்டுச்சு. இதுல மறந்துட்டேன்" என்றாள்.