கடலூர் முதல் சிதம்பரம் வரை ஒரு வானொலிப் பயணம்

கடலூரிலிருந்து சிதம்பரம் சாலை வழியே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். கெடிலத்தைக் கடந்து, பழைய நகரையும் தொழிற்பேட்டையையும் பின்னே விட்டால், இருமருங்கும் சமவெளியே. இடப்புறத்தில் கண்ணுக்குத் தென்படாமல் கடலும் நம்மோடு வருகிறது. பலமுறை சென்ற வழிதான். ஆயினும் ஹாம் வானொலி உரிமம் பெற்ற நண்பரோடு சென்ற அன்றுதான் இவ்வழியைப் புதிதாகக் கண்டேன்.

ஹாம் என்போர் ஊதியம் கருதாது, பொழுதுபோக்காகவும் தொண்டாகவும் வானொலியில் உரையாடுவோர். மத்திய அரசின் தேர்வில் தேறியவர்க்கே உரிமமும் அழைப்புக் குறியும் உண்டு. போலந்து நாட்டு மறைசாட்சி புனித மாக்சிமிலியன் கோல்பே இவர்களுள் ஒருவர் என்பது நம்மில் பலர் அறியாதது.

ஓட்டுநர் அருகே அமர்ந்திருந்த நண்பர், கடலூரிலேயே தம் கைக்கருவியில் சிதம்பரத்துத் தோழரை அழைத்தார். மறுமொழி இல்லை. ஆலப்பாக்கத்திலும் இரைச்சலே கேட்டது. "கருவி பழுதோ?" என்றேன்.

"பழுதில்லை, பூமி உருண்டை என்பதே காரணம்" என்று நகைத்தார் அவர்.

இக்கருவிகளின் அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. தரையில் நிற்பவர் கையிலுள்ள கருவிக்குத் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டரே. எதிரிலிருப்பவர்க்கும் அதுவே அளவு. ஆதலின் இருவருக்குமிடையே 10 கிலோமீட்டருக்கு மேல் தொடர்பு கிட்டுவது அரிது.

இக்குறையைத் தீர்ப்பதே ரிப்பீட்டர். உயர்ந்த இடத்தில் நின்று, ஓர் அலைவரிசையில் வரும் மெல்லிய குரலைக் கேட்டு, அதே கணத்தில் மற்றோர் அலைவரிசையில் வலிமையோடு திருப்பி அனுப்பும். 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இவ்விரண்டிற்குமிடையே 600 கிலோஹெர்ட்ஸ் விடுவது வழக்கம். 1,500 மீட்டர் உயர மலையில் வைத்தால் அதன் தொடுவானம் 160 கிலோமீட்டர்வரை விரியும். மலையில்லாத நம் பகுதியிலோ, நடுவழியில் புதுச்சத்திரம் அருகே 30 மீட்டர்க் கம்பம் ஒன்று நின்றாலே, கணக்குப்படி கடலூரும் சிதம்பரமும் பேசிக்கொள்ளலாம்!

"ஆனால் ரிப்பீட்டர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று" என்றார் நண்பர். ஒரு நேரத்தில் ஒருவரே அதில் பேச முடியும். எனவே முதலில் செவிமடுக்க வேண்டும்; சுருங்கப் பேச வேண்டும். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உடனே தொடங்கலாகாது. ஓரிரு நொடி விட்டே தொடங்க வேண்டும்.

"எதற்கு அந்த இடைவெளி?" என்றேன்.

"எங்கோ ஒருவர் ஆபத்தில் இருக்கலாம். அவர் குரல் நுழைய அந்த இரண்டு நொடிதான் வாசல்."

நான் வாயடைத்துப் போனேன். 2004 டிசம்பர் 26 அன்று இக்கடல் பொங்கியெழுந்து, தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை போன்ற கரையோர ஊர்களைச் சூறையாடி, இம்மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றதை எப்படி மறப்பது? அந்நாளில் அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணியும் அவர்தம் குழுவினரும், மற்றத் தொடர்புகள் அற்ற நிலையில், ஹாம் வானொலி வழியே உற்றார்க்குச் செய்தி சேர்த்தனர். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இப்பகுதியைத் தாக்கியபோதும், மின்சாரமின்றி ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. மின்சாரம் போனாலும் இயங்க மின்கலம் உள்ள ரிப்பீட்டரே அத்தகைய நாளில் பயன்படும்.

வெள்ளாற்றுப் பாலத்தை நெருங்கினோம். நண்பர் மீண்டும் அழைத்தார். இரைச்சல் விலகி, "நன்றாகக் கேட்கிறது, வாருங்கள்!" என்று சிதம்பரத்துக் குரல் தெளிவாக ஒலித்தது. சற்று நேரத்தில் ஏழுநிலைக் கோபுரங்களும் தென்பட்டன.

அன்று இரவு வீட்டில் உணவருந்துகையில், ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டிப் பேசுவதைக் கவனித்தேன். கடைக்குட்டி ஏதோ சொல்ல வாயெடுத்து, இடமின்றி மீண்டும் மீண்டும் மூடிக்கொண்டாள். நான் பேச்சை நிறுத்தி, இரண்டு நொடி காத்திருந்தேன். அவள் பேசினாள்.