மேட்டு ரோட்டு

போன வருசம் மாசி மாதம் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு 44. 42க்குக் கீழே என்றால் கவலையில்லை. 48ஐத் தொட்டால் சீனி வருத்தம். நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். அப்பாவுக்கு இதே வருத்தத்தால் இடதுகாலில் இரண்டு விரல்களை எடுத்தவர்கள். கட்டுப்போட்ட அந்தக் கால் அன்றிரவு முழுக்கக் கண்ணுக்குள் நின்றது.

கிழமைக்கு 150 நிமிசம் வேகமாக நடக்கச் சொன்னார் நேர்ஸ். நடக்கும்போது கதைக்க ஏலவேணும், ஆனால் பாட்டுப் பாட ஏலாமல் இருக்கவேணும். அதுதான் சரியான வேகமாம்.

நான் பிறந்து வளர்ந்தது கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில். ஆனால் எனக்குத் தெரிந்த ஈஸ்ட்ஹாம் காருக்குள் இருந்து பார்த்ததுதான். எங்கே பார்க்கிங் கிடைக்கும், எங்கே கமரா இருக்கும், அவ்வளவுதான். மகனின் பள்ளிக்கூடம் பதினைந்து நிமிச நடை. அதற்கும் கார்.

முதல் இரண்டு கிழமையும் ஃபோனில் அடிகளை எண்ணிக்கொண்டு ஒரே ரோட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சரியான அலுப்பு. ஒருநாள் அம்மா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றா. "நானும் வாறன் பிள்ளை." எழுபது வயது. என்ர வேகத்தைக் கெடுக்கப் போறா என்றுதான் நினைத்தேன். மகனும் ஒட்டிக்கொண்டான். கடைசியில் பின்னால் நின்று மூச்சு வாங்கியது நான்தான்.

அம்மா 1986இல் வந்தவ. ரோட்டுப் பெயர்களை வாசிக்கத் தெரியாத காலத்தில், பஸ் காசை மிச்சம் பிடிக்க, என்னைத் தள்ளுவண்டிலில் வைத்துக்கொண்டு நடந்தே இடம் பிடித்தவ. அதனால் அவவிடம் வேறு பெயர்கள் இருந்தன. நீலக்கதவு ஒழுங்கை. நாய்க்காரக் கிழவி வீட்டு மூலை. கிழவி செத்து இருபது வருசம். நீலக்கதவு இப்போது சாம்பல் நிறம். "எங்க அம்மம்மா நீலக்கதவு?" என்று மகன் தேடுவான். வீட்டில் எது கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்லும் பிள்ளை, அம்மம்மாவின் கதை கேட்பதற்காகத் தமிழில் கேள்வி கேட்கத் தொடங்கினான்.

ஹை ஸ்ட்ரீட் சவுத்தைக் கடந்து போகும் கிறீன்வேக்கு அம்மா வைத்த பெயர் மேட்டு ரோட்டு. விக் லேனில் இருந்து பெக்டன் பக்கம் வரை ஏறக்குறைய 7 கிலோமீற்றர், வீடுகளின் பின்வளவுகள் தெரிகிற உயரத்தில் போகும் நடைபாதை. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே திணறிய பிறகு, ஜோசப் பசல்கெட் என்ற பொறியியலாளர் கட்டிய பெரிய கழிவுநீர்க் குழாய்கள்தான் அந்த மேட்டுக்குள் இருக்கின்றன. மகன் இதை வாசித்துச் சொன்னதும் அம்மா நடுப்பாதையில் நின்றுவிட்டா. "அப்ப இவ்வளவு காலமும் கக்கூசுக்கு மேலயோ நடந்து திரிஞ்சனான்?" சிரித்த சிரிப்பில் அன்றைய வேகநடை கெட்டது.

ஒரு ரோட்டை மட்டும் அம்மா எப்போதும் சுற்றிக்கொண்டுதான் போவா. நேரே போனால் ஐந்து நிமிசம் மிச்சம். ஏன் என்று மகன்தான் கேட்டான்.

"அந்த மூலையில ஒருக்கா என்ர முகத்தில துப்பினவங்கள். உன்ர அம்மா வண்டிலுக்க நித்திரை."

இத்தனை வருசத்தில் இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஏனம்மா சொல்லேல்லை என்றேன். "சொல்லி என்ன செய்யிறது? கொப்பா நைட் வேலைக்குப் போற மனிசன்."

"அவங்கள் இப்பவும் அங்க நிக்கிறாங்களா அம்மம்மா?"

"ஆருக்குத் தெரியும் ராசா."

அடுத்த நாள் அந்த மூலை வந்தபோது அம்மா திரும்பவில்லை. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே நடந்தா. நான் ஒன்றும் கேட்கவில்லை.

புரட்டாதியில் திரும்பவும் இரத்தம் குத்திப் பார்த்தார்கள். 41. நிம்மதிதான். கார் இப்போது பெரும்பாலும் வாசலில் நிற்கிறது.

எங்கட அம்மா, அப்பாமார் ஊர்க்கதை நிறையச் சொல்லியிருக்கினம். கிணறு, பனங்காணி, கோயில் திருவிழா எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். வந்து இறங்கிய இந்த ஊரின் கதையைத்தான் நாங்கள் கேட்கவேயில்லை. அடுத்தமுறை நடக்கப் போகும்போது அவையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அவை சொல்லட்டும்.