தாயார் தொழில்: ஏதுமில்லை

எங்கள் திண்டிவனம் வீட்டில் பசை வாசம் இல்லாத நாள் கிடையாது. மைதாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் ஏற்றி, கட்டி தட்டாமல் கிண்டி, இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவாள் அம்மா. மயில்துத்தம் போட்டால் கவரைப் பூச்சி அரிக்காது. அது விஷம் என்பதால் பசைச் சட்டியைத் தொட எங்களுக்கு அனுமதியில்லை. ஆனால் அம்மாவின் பத்து விரல்களும் நாள் முழுக்க அதில்தான் கிடந்தன. தாளின் ஓரம் விரல்களைக் கீறியிருக்கும். இரவில் ரசத்துக்குப் புளி கரைக்கும்போதுதான் எங்கெங்கே கீறியிருக்கிறது என்று அவளுக்கே தெரியும்.

அம்மா தபால் கவர் ஒட்டினாள். அச்சகத்தில் வார்ப்பு வைத்து வெட்டிய தாள்களைக் கட்டுக் கட்டாகச் சைக்கிளில் கொண்டுவந்து போடுவார்கள். அலுவலகங்களுக்குப் போகும் நீளக் கவர், காக்கிக் கவர், வெள்ளைச் சதுரக் கவர். மடித்து, ஒட்டி, மேல்மடலுக்குக் கோந்து பூசி உலர்த்தி, நூறு நூறாகக் கட்டித் திருப்பித் தர வேண்டும். ஆயிரம் கவருக்கு நான்கு ரூபாய். கிழிந்தது, கோணியது, கோந்து வழிந்தது எல்லாம் கணக்கில் கழியும். பசைக்கு மைதாவும் அடுப்புக்கு மண்ணெண்ணெயும் எங்கள் செலவு. எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகளில் இந்த வேலை நடந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. விழுப்புரம் மாவட்டம் இன்னும் பிறக்கவில்லை, நாங்கள் தென்னார்க்காட்டுக்காரர்கள்.

இத்தனை ஆயிரம் கவர் ஒட்டியவளுக்குக் கவரில் ஒரு கடிதமும் வந்ததில்லை. பாட்டி யாரிடமாவது சொல்லி எழுதிப் போடும் தபால் கார்டுதான் வரும். அதைத் தபால்காரர் படிப்பார், திண்ணையில் இருக்கும் தாத்தா படிப்பார், அப்பா படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குக் கடைசியில் யாராவது படித்துச் சொல்வார்கள். "உடம்புக்குத் தேவலாமா, அந்த விஷயம் என்ன ஆச்சு" என்று பாட்டி கேட்டிருந்தால், அந்த விஷயம் என்ன என்று வீடே கேட்கும். இந்தியாவில் தபால் கார்டு வந்தது 1879இல். விலை காலணா. மலிவான கடிதம் திறந்த கடிதமாகவே இருந்தது. ஒட்டி மூடிய அந்தரங்கத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்தும்போது புறஞ்சேரி இறுத்த காதையில் நான் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிடுவேன். மாதவி அனுப்பும் இரண்டாவது கடிதம் அங்கே வருகிறது. ஓலையைச் சுருட்டி, மண்ணால் மூடி, தன் கூந்தலையே அதில் முத்திரையாகப் பதித்து அனுப்புகிறாள். கௌசிகன் கொண்டுவந்து நீட்டியதும் முத்திரையில் இருக்கும் நெய் வாசம் கோவலனுக்கு யாருடையது என்று தெரிந்துவிடுகிறது. கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே உறை பேசிவிடுகிறது. உறையைச் செய்தவளின் அடையாளம் உறையிலேயே இருந்த கடிதம் அது. அம்மா ஒட்டிய கவர்களில் அவளுடைய அடையாளம் எதுவும் இல்லை. இருந்தால் அது "கறை" என்று கழிந்துவிடும்.

கவரின் சரித்திரத்தை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது தற்செயலாகத்தான். கல்லூரியில் மகளிர் தின விழாவுக்குப் பேசச் சொன்னார்கள். வழக்கமான பெயர்களையே சொல்லி அலுத்துப்போய், கண்டுபிடிப்பாளர்களான பெண்களைத் தேடினேன். தேடியது என்னைக் கவரில் கொண்டுவந்து விட்டது.

1840 வரை இங்கிலாந்தில் கடிதத்துக்குத் தூரத்தைப் பொறுத்தும், எத்தனை தாள் என்று எண்ணியும் கட்டணம் வாங்கினார்கள். உறை போட்டால் அதுவும் ஒரு தாள், கட்டணம் இரட்டிப்பாகும். அதனால் கடிதத்தையே மடித்து, அதன் முதுகில் முகவரி எழுதி, அரக்கு வைத்து அனுப்பினார்கள். ரோலண்ட் ஹில் முன்வைத்த பென்னித் தபால் முறை அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அரை அவுன்சுக்குள் இருந்தால் எவ்வளவு தூரமானாலும் ஒரு பென்னி. எடைதான் கணக்கு என்றானதும் உறை போடுவதற்கு இருந்த தண்டனை நீங்கியது. எல்லோருக்கும் உறை வேண்டியிருந்தது. வார்ப்பு வைத்து வெட்டிக் கையால் மடித்துக்கொண்டிருந்தவர்களால் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

1845இல் ரோலண்ட் ஹில்லின் சகோதரர் எட்வின் ஹில்லும் வாரன் டி லா ரூவும் உறை மடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அந்த இயந்திரத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது. வெட்டிய தாளை வைத்தால் ஒரு கட்டை மேலிருந்து இறங்கி அதைப் பெட்டிக்குள் அழுத்தும். நான்கு மடல்களும் எழுந்து நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை மடிக்கும். ரப்பர் வைத்த விரல்கள் வந்து முடிந்த உறையை எடுத்துப் போடும். மணிக்கு ஏறத்தாழ 2,700 உறைகள். இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில், ரஸ்ஸல் ஹாஸ் என்ற மருத்துவர் தன் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அது மடித்தது, மேல்மடலுக்குக் கோந்து பூசுவது மட்டும் கைவேலையாகவே இருந்தது. கோந்தையும் இயந்திரமே பூசி, அது காய்வதற்கும் வழி கண்டுபிடிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்தினேன். கோந்து பூசும் அந்தச் சிக்கலை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கூடத்தில் அதை ஒருத்தி தீர்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மேல்மடலுக்கு ஒவ்வொன்றாகக் கோந்து பூசினால் நாள் போதாது. கவர்களை விசிறி மாதிரி விரித்து, ஒவ்வொன்றின் மடலும் விரற்கடை அளவு வெளியே தெரிய வைத்து, மொத்தத்துக்கும் ஒரே இழுப்பாகப் பூசுவார்கள். எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். ஆனால் இடது கையால் அடுக்கை அழுத்திப் பிடித்தால் இருபதுக்கு மேல் நிற்காது, கோணிக்கொள்ளும். கோந்து தப்பி உள்ளே இறங்கி இரண்டு கவர் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

அம்மா ஒரு நாள் உடைந்த பெஞ்சின் பலகையை எடுத்துவந்தாள். நீளவாட்டில் இரண்டு பக்கமும் ரீப்பர் வைத்து அடித்தாள். இடையில் சரியாகக் கவரின் அகலம். கவர்கள் அந்த வாய்க்காலுக்குள் விரிந்து கிடக்கும். பக்கவாட்டில் நகர முடியாது. தலைமாட்டில் பழைய கதவுக் கீல் ஒன்றை வைத்து ஒரு கட்டையைப் பொருத்தினாள். அந்தக் கட்டையின் விளிம்பில் டால்டா டின்னை வெட்டி ஒரு தகடு. கட்டையை மடக்கினால் அது கடைசிக் கவரை அழுத்திப் பிடிக்கும். கோந்து அந்தத் தகட்டைத் தாண்டாது. ஒரு பக்க ரீப்பரை ஆணியிலிருந்து கழற்றி வேறு துளையில் மாட்டலாம். மூன்று அளவுக் கவருக்கு மூன்று துளை. ஆணி அடிக்கும்போது ரீப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். ஒரு அடி என் கட்டைவிரலில் விழுந்தது.

ஒரே இழுப்பில் ஐம்பது கவர். இரண்டு கையும் ஓய்ந்துவிட்டதால் ஒன்று பூச, ஒன்று அடுத்த கட்டைப் பிரிக்கும். தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டேகூடச் செய்ய முடிந்தது. அந்த மாதம் அம்மா முன்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கவர் கொடுத்தாள். எனக்குப் பாவாடை எடுத்தாள்.

அச்சகக்காரர் கணக்குப் பார்க்க வந்தார். பலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "யாரும்மா பண்ணிக் குடுத்தது, ஆசாரியா?" என்று கேட்டார். "நான்தான்" என்றாள் அம்மா. அவர் சிரித்தார். பலகையை ஒரு வாரத்துக்கு வாங்கிக்கொண்டு போனார். ஆசாரியிடம் கொடுத்து அதேபோல் பத்துச் செய்து, வேலை கொடுக்கும் எல்லா வீடுகளுக்கும் கொடுத்தார். அடுத்த மாதம் கூலி ஆயிரத்துக்கு மூன்று ரூபாய் ஆனது. இப்போதுதான் சீக்கிரம் முடிகிறதே என்பது அவர் சொன்ன காரணம்.

தண்ணிக் குழாயடியில் அம்மாவுடன் யாரும் பேசவில்லை. "ஒன்னாலதான் யக்கா, சும்மா இருக்காம" என்று எதிர்வீட்டு அத்தை நேராகவே சொன்னாள். அம்மா பதில் சொல்லவில்லை. ஒரு ரூபாய் போனதைவிட அது அவளை அதிகம் அறுத்தது என்று இப்போது புரிகிறது. வேலையை எளிதாக்கியவள் அவள். அதன் லாபம் ஒருவருக்கும், பழி அவளுக்கும் போயிற்று. கூலி துண்டுக் கணக்கில் இருக்கும்வரை, உழைப்பவள் கண்டுபிடிக்கும் எந்தச் சுளுவும் அவளுடைய கூலியிலிருந்துதான் கழியும்.

நான் கல்லூரியில் சேர்ந்த சமயத்தில், நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் மடித்து ஒட்டும் இயந்திரங்களின் கவர்கள் வெளியூரிலிருந்து மலிவாக வரத் தொடங்கின. தெருவில் வேலை நின்றுபோனது. வேலை போனது என்று யாரும் சொல்லவில்லை. வேலை என்று யாரும் அதைச் சொன்னதில்லையே. வீட்டிலிருந்து உழைப்பவர்களும் தொழிலாளர்களே என்று சொல்லும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்றுக் கையொப்பமிடவில்லை.

இனி, நான் தேடிப்போன பெண்ணின் கதை. மார்கரெட் நைட், பிறந்தது 1838இல். பள்ளிப்படிப்பு குறைவு, சிறுவயதிலேயே பஞ்சாலைக்குப் போனவர். மாசசூசெட்ஸில் ஒரு காகிதப் பைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அடிப்பக்கம் தட்டையாக நிற்கும் பைகளை அன்று கையால்தான் செய்ய வேண்டும். அதை வெட்டி, மடித்து, ஒட்டித் தரும் இயந்திரத்தை அவர் உருவாக்கினார். முதலில் மரத்தில் மாதிரி. அதை இரும்பில் செய்யக் கொடுத்த பட்டறையில் அதைப் பார்த்த சார்லஸ் அனான் என்பவர் தன் பெயரில் காப்புரிமை கோரிவிட்டார். மார்கரெட் வழக்குப் போட்டார். ஒரு பெண்ணுக்கு இந்த இயந்திர நுணுக்கம் எப்படித் தெரியும் என்பதே எதிர்த்தரப்பு வாதம் என்று சொல்வார்கள். அவர் வரைபடங்களையும் மாதிரிகளையும் குறிப்பேட்டையும் காட்டினார், சாட்சிகளை நிறுத்தினார். ஜெயித்தார். 1871இல் காப்புரிமை அவர் பெயருக்கு வந்தது. 1914இல் இறப்பதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள்.

அம்மா இப்போது என்னோடு விழுப்புரத்தில் இருக்கிறாள். அன்று இரவு சாப்பிடும்போது இந்தக் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அந்தம்மாவுக்கு எழுதத் தெரியும். எழுதி வச்சிருந்தாங்க. கோர்ட்டுக்குப் போக ரூபா இருந்துச்சு. எனக்கு யாரு சாட்சி?"

"நான் ரீப்பரைப் புடிச்சிக்கினு இருந்தேனேம்மா."

"நீ அப்ப சின்னப் பொண்ணு" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்துபோனாள்.

நான் சின்னப் பெண்ணாக இல்லாத ஒரு நாளும் உண்டு. முனைவர் பட்ட ஆய்வில் சேர்வதற்கான படிவத்தில் தந்தை தொழில், தாயார் தொழில் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அம்மா ஒட்டிய கவர்கூலி என் பள்ளிக்கூடத்துக்கும் விடுதிக்கும் கட்டணமாகப் போயிருந்தது. நான் தாயார் தொழில் என்ற இடத்தில் "ஏதுமில்லை" என்று எழுதினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கூச்சம்தான். சக மாணவர்களின் தாய்மார்கள் ஆசிரியைகளாக இருந்தார்கள். அந்தப் படிவத்தை இரண்டாக மடித்து ஒரு நீளக் கவரில் போட்டு, மடலை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி அனுப்பினேன். அந்தக் கவரை ஒட்டியவளைப் பற்றி அன்று நினைக்கவில்லை.

இப்போது என் வகுப்பு மாணவிகளின் படிவங்களை நான் சரிபார்க்கிறேன். விக்கிரவாண்டி, மயிலம், கூட்டேரிப்பட்டு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள். பாதிப் படிவங்களில் தாயார் தொழில் காலியாக இருக்கிறது, அல்லது "இல்லை" என்று இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்பேன். காலையில் எழுந்து உங்கம்மா என்னவெல்லாம் செய்வாங்க, சொல்லு. மல்லாட்டை ஆய்வது, நாற்று நடுவது, பூக் கட்டுவது, ரவிக்கைக்கு ஊக்கு வைப்பது என்று மெல்ல வெளியே வரும். அதையே எழுது என்பேன். சிலர் எழுதுகிறார்கள். சிலர் அன்றைய என்னைப் போலவே தலைகுனிந்து, "வேணாம் மேடம்" என்கிறார்கள். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

போன வாரம் அம்மாவின் பெயருக்கு வங்கியிலிருந்து ஒரு கவர் வந்தது. அவள் கடிதத்தை என்னிடம் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கவரை வைத்துக்கொண்டாள். ஓரத்தில் நகத்தை விட்டு மெல்லப் பிரித்தாள். தாளாக விரித்துத் தரையில் வைத்து, மடிப்புகளை விரலால் நீவிப் பார்த்தாள்.

"மெஷின் ஒட்னது. கோந்து சிக்கனம்" என்றாள். "பரவால்ல, நேராத்தான் பூசியிருக்கு."